வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை எட்டுவது: போர்ட் ஃபார்வர்டிங்கும் அதன் மாற்று வழிகளும்

வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு (ஒரு நிரலுக்குரிய எண்ணுக்கு) வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் விதியை ரவுட்டரில் சரியாக எழுதிய பிறகும் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலோர் அந்த விதியையே அழித்து அழித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள். விடுமுறைக்கு மதுரை சென்றிருந்தபோது நானும் மூன்று இரவுகள் அதைத்தான் செய்தேன். அங்கே பெற்றோர் வீட்டுக் கணினியில் குடும்பப் புகைப்படங்களும் அப்பாவின் கடைக் கணக்கும் இருக்கின்றன; கோவைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கணினியைத் திறந்து வேலை செய்ய வேண்டும் என்பதே தேவை. மூன்றாம் இரவு ரவுட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்து, இணைய நிறுவனம் வழங்கியிருந்த ஐபி முகவரி 100.81 என்று தொடங்குவதைப் பார்த்த பிறகே, இணையத்தில் எங்கள் வீட்டுக்கென்று தனி முகவரியே இல்லை என்பது விளங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு வழியாகப் பொருத்திப் பார்த்ததில் கிடைத்த ஒப்பீடே இந்தக் கட்டுரை.

முகவரி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

இணைய முகவரிகளின் பழைய முறையான ஐபிவி4இல் இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. உலக அளவில் பகிர்ந்தளிக்க வைத்திருந்த பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கத் தொடங்கின. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர்; இதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் 2012இல் ஒதுக்கப்பட்டன. இந்த அமைப்பில் வெளியிலிருந்து வரும் இணைப்பு முதலில் நிறுவனத்தின் கருவியை அடைகிறது. அதை எந்த வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கான விதி அந்தக் கருவியில்தான் இருக்க வேண்டும், அது நம் கையில் இல்லை. வீட்டு ரவுட்டரில் எவ்வளவு கவனமாக விதி எழுதினாலும் அந்த இணைப்பு அதுவரை வந்து சேராது.

சோதிக்கும் முறை எளியது. ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் இருக்கும் வெளிப்பக்க முகவரியையும், நம் ஐபி என்ன என்று காட்டும் ஏதேனும் ஓர் இணையதளம் தரும் முகவரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் போர்ட் ஃபார்வர்டிங் சாத்தியம். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை இருந்தால் சி.ஜி.நாட். ரவுட்டரில் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நிறுவனமே அப்படி வழங்கியிருக்கலாம், அல்லது ஃபைபர் கொண்டுவரும் ஓ.என்.டி. பெட்டியே ஒரு ரவுட்டராக இயங்க, நாம் வாங்கிய ரவுட்டர் அதற்குப் பின்னால் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கலாம். பின்னதென்றால் ஓ.என்.டி.யை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றச் சொன்னால் போதும். முன்னதென்றால் தனிக் கட்டணம் செலுத்தி நிலையான ஐபி கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் தருகின்றன. எங்களுக்கு வந்த பதில், "சார், உங்க பிளான்ல அது கிடையாது" என்பதுதான்.

போர்ட் ஃபார்வர்டிங்: பொது முகவரி இருப்பவர்களுக்கு

பொது முகவரி இருந்தும் இணைப்பு வரவில்லையென்றால், வெளியிலிருந்து உள்ளே வருவதைக் காட்டிலும் கணினியிலிருந்து வெளியே போகும் வரிசையில் சோதிப்பதே நல்லது. முதலில் கணினியில் அந்த நிரல் உண்மையிலேயே காத்திருக்கிறதா என்று நெட்ஸ்டாட் கட்டளையால் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிறு விவரம் பலரை ஏமாற்றுகிறது: பட்டியலில் 127.0.0.1:8080 என்று இருந்தால் அந்த நிரல் அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும், 0.0.0.0:8080 என்று இருந்தால்தான் பிற கணினிகளிலிருந்தும் ஏற்கும். எண் ஒன்றுதான் என்பதால் கண் அதைக் கடந்துபோய்விடும். அடுத்து, அதே வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து இணைந்து பார்க்க வேண்டும். அது தோற்றால் குற்றவாளி பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால். வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்ற வகையில் பதிவாகியிருந்தால் பல நிரல்களுக்கு அது உள்வரும் இணைப்பைத் தடுத்துவிடும்.

அதற்குப் பிறகே ரவுட்டருக்குப் போக வேண்டும். விதியில் எழுதிய 192.168.1.7 இன்றும் அதே கணினியின் முகவரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் மறுமுறை இயங்கும்போது அந்த முகவரியை அத்தையின் கைபேசிக்குக் கொடுத்துவிடக்கூடும். கணினிக்கு நிரந்தரமாக ஒதுக்கிவைக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. தரவு அனுப்பும் இரு முறைகளில் விதி டி.சி.பி.க்கா யு.டி.பி.க்கா என்பதையும் சரிபார்க்க வேண்டும். வெளிச் சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யக் கூடாது: உள்ளிருந்தே தன் பொது முகவரியை அழைத்தால் திருப்பி அனுப்பத் தெரியாத ரவுட்டர்கள் பல உண்டு, சரியாக இயங்கும் அமைப்பும் அங்கே பழுதாகத் தெரியும். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதிப்பதே முறை.

அப்போதும் வரவில்லையென்றால் கணினிக்கு வந்து போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் நிரலை வீட்டுக் கணினியில் திறந்து, அந்தப் போர்ட் எண்ணுக்கு மட்டும் வடிகட்டி வைத்து, கைபேசியிலிருந்து ஒரு முறை இணைய முயலுங்கள். திரையில் ஒரு வரி வந்து விழுந்தால் இணையம், நிறுவனம், ரவுட்டர் மூன்றும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன, கோளாறு கணினியில் இருக்கிறது என்று பொருள். ஒன்றுமே விழவில்லையென்றால் கணினியை விட்டுவிட்டு வெளியே தேட வேண்டும். மணிக்கணக்கான ஊகத்தை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்துகிறது என்பதால் இதை முதலிலேயே செய்தாலும் தவறில்லை. 25, 80, 445 போன்ற எண்களைச் சில நிறுவனங்கள் தாமாகவே தடுப்பதுண்டு. வேறு எண்ணில் முயன்றால் அது தெரிந்துவிடும்.

இந்த வழியின் சிறப்பு, நடுவில் வேறு யாரும் இல்லை என்பதுதான். இணைபவர் எந்த மென்பொருளும் நிறுவ வேண்டியதில்லை, பாதையும் குறுகியது. நண்பர்களுக்காக 25565ஆம் போர்ட்டில் மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. முகவரி அவ்வப்போது மாறினால் ஒரே பெயரைப் புதிய முகவரியோடு தானாக இணைத்துவைக்கும் டைனமிக் டி.என்.எஸ். அதைச் சமாளித்துவிடும்.

ஆனால் தொலைவிலிருந்து விண்டோஸ் திரையை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஆம் போர்ட்டை இப்படித் திறந்துவைப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டையின் வழியாக, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய முடிந்தது. 2014லேயே ஆதரவை நிறுத்தியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகத் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அபாயத்தின் அளவு புரியும். எண்ணை 3389இலிருந்து 40000க்கு மாற்றுவது பாதுகாப்பாகாது. மொத்தம் 65,535 போர்ட்கள்தான், அத்தனையையும் தட்டிப் பார்ப்பது ஒரு நிரலுக்குச் சிறு வேலை. கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள வழிவிடும் யு.பி.என்.பி.யையும், எல்லாப் போர்ட்களையும் ஒரே கணினிக்குத் திருப்பும் டி.எம்.இசட். வசதியையும் அணைத்தே வைக்க வேண்டும். சோதனைக்காக டி.எம்.இசட்.டைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால் அந்தக் கணினியின் காவல் முழுவதும் அதன் சொந்த ஃபயர்வாலின் தலையில்தான் விழும்.

ஐபிவி6: இருக்கும் வழி, ஆனால் இரு பக்கமும் வேண்டும்

புதிய முகவரி முறையான ஐபிவி6இன் பரவலில் இந்தியா முன்னணி நாடுகளில் ஒன்று. 2016இல் வந்த ஜியோ அதற்கு ஒரு பெரிய காரணம். இந்த முறையில் வீட்டுக் கணினிக்கே பொது முகவரி கிடைத்துவிடுவதால் போர்ட் ஃபார்வர்டிங் தேவையில்லை. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கும் அந்தப் போர்ட்டுக்கும் மட்டும் ஒரு துளை திறந்தால் போதும். சிக்கல், இணைபவர் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும் என்பது. என் கைபேசியிலிருந்து மதுரைக் கணினி உடனே கிடைத்தது. அலுவலக வைஃபையிலிருந்து கிடைக்கவே இல்லை. துளை திறக்கும் பட்டியலே இல்லாத ரவுட்டர்களும் உண்டு, நிறுவனம் வழங்கும் முகவரித் தொகுதி மாறினால் விதியும் பயனற்றுப் போகும். இதைத் துணைவழியாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நம்பி ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது.

வயர்கார்டா, டெயில்ஸ்கேலா?

நம் கணினியை நாமும் நம் வீட்டாரும் மட்டும் எட்ட வேண்டுமென்றால் போட்டி உண்மையில் இந்த இரண்டுக்கும்தான். வயர்கார்டு திறந்த மூல வி.பி.என். மென்பொருள் (கருவிகளுக்கிடையே குறியாக்கம் செய்த தனிப் பாதை அமைப்பது), 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6இன் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. வழக்கமாக 51820ஆம் யு.டி.பி. போர்ட்டில் காத்திருக்கும். சரியான குறியாக்கச் சாவி இல்லாமல் வரும் எதற்கும் அது பதிலே சொல்லாது என்பதால், போர்ட் தேடுபவருக்கு அங்கே ஒரு நிரல் இருப்பதே தெரியாது. ரிமோட் டெஸ்க்டாப், கோப்புப் பகிர்வு, கேமரா என்று பத்துப் போர்ட்களைத் திறப்பதற்குப் பதிலாக இந்த ஒன்றை மட்டும் திறந்து, மற்ற அனைத்தையும் அதன் வழியாகவே அழைக்கலாம். பொது முகவரி இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. சாவிகளை ஒவ்வொரு கருவியிலும் கையால் சேர்க்க வேண்டியிருப்பது ஒரு தொல்லைதான், ஆனால் நான்கைந்து கருவிகள் உள்ள வீட்டுக்கு அது ஓர் அரைநாள் வேலை.

பொது முகவரி இல்லாத வீட்டில் அந்த ஒரு போர்ட்டையும் திறக்க முடியாது. டெயில்ஸ்கேல் அங்கேதான் கைகொடுக்கிறது. அதுவும் வயர்கார்டு குறியாக்கத்தையே பயன்படுத்துகிறது. வித்தியாசம், இரு முனைகளும் தாமாகவே வெளிநோக்கி இணைகின்றன. ஒருங்கிணைப்பு சர்வர் ஒன்று இருவருக்கும் மற்றவரின் முகவரியையும் பொதுச் சாவியையும் சொல்கிறது; இரு பக்கமும் ஒரே நேரத்தில் பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) அனுப்ப, நடுவிலுள்ள முகவரி மாற்றக் கருவிகள் அவற்றைப் பதில்களாக எண்ணி வழிவிடுகின்றன. அது கைகூடாத இடங்களில் நிறுவனத்தின் இடைநிலை சர்வர் வழியாகப் போக்குவரத்து செல்லும். உள்ளடக்கம் குறியாக்கத்திலேயே இருக்கும், ஆனால் வேகம் குறையும். நேரடியாகப் போகிறதா, சுற்றிப் போகிறதா என்பதை அதன் நிலவரக் கட்டளை காட்டிவிடும்.

ஒரு குழப்பத்தை இங்கே தவிர்க்க வேண்டும். டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்கு வழங்கும் முகவரிகளும் அதே 100.64 தொகுதியிலிருந்துதான் வருகின்றன. கணினியில் 100 என்று தொடங்கும் முகவரியைக் கண்டு சி.ஜி.நாட் என்று முடிவுகட்டிவிடாமல், எப்போதும் ரவுட்டரின் நிலவரப் பக்கத்தையே பார்க்க வேண்டும்.

டெயில்ஸ்கேலில் யார் எந்தக் கருவியோடு பேசலாம் என்ற பதிவேடு வெளி நிறுவனத்திடம் இருக்கிறது. இது எனக்கும் முழு மனநிறைவு தருவதில்லை. அதற்கு இணங்காதவர்கள் ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல ஒருங்கிணைப்பு சர்வரைத் தாமே நடத்தலாம், அதற்கு மறுபடியும் பொது முகவரியுள்ள ஓர் இடம் வேண்டும்.

பிறருக்கும் திறக்க வேண்டுமென்றால்

முன்பின் அறியாதவர்களும் வந்து பார்க்க வேண்டிய இணையதளம் என்றால் வி.பி.என். உதவாது. வீட்டுக் கணினியிலிருந்து கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வருக்கு இணைப்புப் போட்டு, வருகையாளர்களை அதன் வழியே கொண்டுவரும் கிளவுட்ஃப்ளேர் டனல் இதற்கு எளிய வழி; 2021 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது, நிலையாக நடத்தச் சொந்த டொமைன் பெயர் வேண்டும். வருகையாளரின் குறியாக்கம் அந்த நிறுவனத்தின் சர்வரில் அவிழ்க்கப்பட்டே நம் வீட்டுக்கு வருகிறது என்பதால் கடைக் கணக்கு போன்றவற்றை நான் அதன் வழியே அனுப்ப மாட்டேன்.

மாதவாடகைக்குச் சிறிய வி.பி.எஸ். (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்து, வீட்டுக் கணினியிலிருந்து அதற்கு எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியே தலைகீழ்ச் சுரங்கமோ வயர்கார்டு இணைப்போ போடுவது இன்னொரு வழி. வாடகை சர்வரின் பொது முகவரி நம் வீட்டின் வாசலாகிவிடுகிறது. எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும், பராமரிப்பும் நம் பொறுப்பே. எஸ்.எஸ்.ஹெச்.ஐப் பயன்படுத்துபவர்கள், சுரங்கம் போட்டும் வெளியிலிருந்து வரவில்லையென்றால், வாடகை சர்வரின் அமைப்பில் கேட்வேபோர்ட்ஸ் என்ற வரியைப் பார்க்க வேண்டும். இயல்புநிலையில் அது அணைந்திருப்பதால் சுரங்கம் 127.0.0.1இல் மட்டுமே காத்திருக்கும். வயர்கார்டு என்றால் வீட்டுப் பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் மதிப்பை 25 விநாடி என்று வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்ததும் நடுவிலுள்ள கருவிகள் அந்த இணைப்பை மறந்துவிடும்.

மதுரை வீட்டில் இப்போது ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறந்திருக்கவில்லை. கணினியில் டெயில்ஸ்கேல், அதன் மேல் ரிமோட் டெஸ்க்டாப். இதற்காக விண்டோஸை ஹோம் பதிப்பிலிருந்து ப்ரோவுக்கு உயர்த்த வேண்டியிருந்தது, ஏனெனில் ஹோம் பதிப்பு உள்வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்பதில்லை. முதல் வாரத்தில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. ஒரு முறை கணினி தானாக உறக்கநிலைக்குப் போயிருந்தது. இன்னொரு முறை மின்சாரம் போய் வந்ததும் கணினி அணைந்தபடியே கிடந்தது. உறக்கநிலையை நிறுத்தி, மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி பயாஸில் (கணினி இயங்கத் தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒரு வரியை மாற்றச் சொல்லி, அப்பாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே படிப்படியாக வழிகாட்டினேன். "அம்புக்குறிய கீழ தள்ளவாப்பா, மேல தள்ளவா?" என்று கேட்டு அவர்தான் அதைச் செய்து முடித்தார்.