டெட் வில்லியம்ஸா, ஹிக்கின்ஸா, வெஸ்டர்ன் ஃபீல்டா? கடைப் பேரு போட்ட பழைய லீவர் ரைஃபிள்ல எதை வாங்கலாம்

அமெரிக்கால கன் ஷோ பக்கம் போனவங்களுக்குத் தெரியும், வின்செஸ்டர், மார்லின்னு பேரு குத்தின லீவர் ரைஃபிள் (ட்ரிகரச் சுத்தி இருக்கிற கைப்பிடியக் கீழ தள்ளி இழுத்தா அடுத்த தோட்டா ஏறுற வகை) முன்னாடிதான் கூட்டம் நிக்கும், ஓரத்துல சியர்ஸ்னு போட்டது ஒண்ணு தூசியோட சாஞ்சு கெடக்கும், விலையும் கம்மி. நான் நேரா அந்த ஓரத்துக்குத்தான் போவேன். 50, 60, 70கள்ல சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட், ஜே.சி. பென்னி மாதிரி பெரிய கடைங்க வித்த லீவர் ரைஃபிள் பெரும்பாலும் வின்செஸ்டர், மார்லின், மாஸ்பெர்க் ஃபேக்டரில செஞ்சு வந்ததுதான், கடைக்காரன் பேரு மட்டும் மேல. எது யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறதுலதான் மொத்த சுகமும்.

முதல்ல டெட் வில்லியம்ஸ் மாடல் 100. டெட் வில்லியம்ஸ் பெரிய பேஸ்பால் ஆளு, 1960ல ரிட்டயர் ஆனாரு, அடுத்த வருஷமே சியர்ஸ் அவரப் பிடிச்சு விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் அவரு பேரப் போட்டாங்க. உள்ள இருக்கிறது வின்செஸ்டர் 94, .30-30 தோட்டா போடறது. பேருக்கு ஒரு மவுசு இருக்கு, சுவத்துல மாட்டி வச்சா வர்றவங்க கேப்பாங்க. ஆனா இது 1964க்கு அப்புறம் வின்செஸ்டர் செலவக் குறைச்ச காலத்து 94. அந்த ரிசீவர், அதாவது லீவரும் மெக்கானிசமும் இருக்கிற நடு உடம்பு, அதோட உலோகத்துல சாதாரண ப்ளூயிங் (துரு பிடிக்காம இருக்க ஏத்துற கருநீலப் பூச்சு) ஒட்டவே ஒட்டாது. நானும் பட்டிருக்கேன், நிறம் போன ஒண்ண வாங்கி துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு கன்ஸ்மித்கிட்ட குடுத்தேன், திரும்பி வந்தப்ப பேரல் கன்னங்கரேல்னு இருக்கு, ரிசீவர் மட்டும் கத்திரிக்கா கலர்ல நிக்குது. அதனால இதுல ஒரிஜினல் நிறம் நல்லா இருந்தா மட்டும் வாங்குங்க, வெளுத்துப் போயிருந்தா அப்படியே வச்சிட்டு நடையக் கட்டுங்க.

அடுத்தது ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 45, இதுவும் சியர்ஸ் பிராண்ட்தான், என்னோட செல்லம். ஹிக்கின்ஸ் நெஜமாவே இருந்த ஆளு, ஜான் ஹிக்கின்ஸ், 1898ல சியர்ஸ்ல கணக்குப் புள்ளைங்களுக்கு மேனேஜரா சேந்தவரு. வேட்டைக்காரரும் இல்ல, விளையாட்டு வீரரும் இல்ல. நடுவுல இருக்கிற 'சி' கூட கம்பெனி சும்மா சேத்ததுதான்! போன வருஷம் ஒரு மேசையில "சியர்ஸ் ரைஃபிள், யாரு செஞ்சதுன்னு தெரியாது"ன்னு அட்டை தொங்கிட்டு இருந்துச்சு. லீவரத் தொறந்து காலிதான்னு பாத்துட்டு, போன் டார்ச்ச அடிச்சு கட்டைவிரலால பேரல்ல இருந்த எண்ணெய்ப் பிசுக்கத் தொடச்சேன், 103ன்னு ஆரம்பிக்கிற நம்பர் மெதுவா தெரிஞ்சுது. அது போதும். சியர்ஸ் நம்பர்ல புள்ளிக்கு முன்னாடி வர்ற மூணு இலக்கம்தான் செஞ்சவன் ஜாதகம், 103னா மார்லின், 273னா வின்செஸ்டர், 583னா ஹை ஸ்டாண்டர்ட். துப்பாக்கிக்கு மட்டும் இல்ல, சியர்ஸ்ல வித்த வாஷிங் மெஷின்ல 110ன்னு இருந்தா அது வேர்ல்பூல், அதே கணக்குதான்.

மாடல் 45ன்றது மார்லின் 336, 1948ல வந்த டிசைன். அந்தக் காலத்து 94ல சுட்ட தோட்டாவோட காலி கூடு மேல தெறிக்கும், அதனால ரிசீவருக்கு நேர் மேல ஸ்கோப் (குறி பாக்கிற தூரக்கண்ணாடி) மாட்ட முடியாது, இதுல பக்கவாட்டுல போகும், மேல் பக்கம் மூடியே இருக்கும். வயசாகி கண்ணு மங்கின என்னை மாதிரி ஆளுக்கு இது ஒண்ணே பெரிய விஷயம். இதே 336தான் ஜே.சி. பென்னில 3040ன்ற பேருல வித்துச்சு, பார்ட்ஸும் ஈஸியா கெடைக்கும்.

கிளென்ஃபீல்டும் இந்தக் கூட்டத்துல வரும், ஆனா அது கடை பிராண்ட் இல்ல, மார்லினே விட்ட மலிவு லைன், வால்நட்டுக்குப் பதிலா பிர்ச் கட்டை. இதுல வருஷம் கண்டுபிடிக்கிறதுதான் சுலபம், 1973ல இருந்து சீரியல் நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்த நூறுல இருந்து கழிச்சா போதும், 24ன்னு ஆரம்பிச்சா 76, அதாவது 1976ல செஞ்சது. மத்தபடி அமெரிக்காவோட 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்னாடி வந்த மலிவு .22 (சின்னக் குண்டு) ரைஃபிள் பலதுல சீரியலே இருக்காது, யாரோ அழிச்சுட்டாங்கன்னு பயப்படாதீங்க, அப்ப அது கட்டாயமே இல்ல.

வெஸ்டர்ன் ஃபீல்ட் மாடல் 72, மான்ட்கோமரி வார்டுக்கு மாஸ்பெர்க் செஞ்ச 472. சுடறதுக்கு ஒண்ணும் மோசம் இல்ல, விலையும் இருக்கறதுலயே கம்மி, ஆனா ஒரு சின்ன பார்ட் ஒடஞ்சா தேடித் தேடி நாக்கு தள்ளிடும், நான் வாங்கல. வெஸ்டர்ன் ஃபீல்ட்னு பாத்ததும் மாஸ்பெர்க்னு முடிவு கட்டவும் கூடாது, அதே பேர வார்ட் பல கம்பெனி துப்பாக்கில போட்டாங்க, மாடல் நம்பரப் பாத்துதான் சொல்ல முடியும்.

ஒண்ணுதான் வாங்கப் போறீங்கன்னா கண்ண மூடிட்டு ஹிக்கின்ஸ் 45. ஆனா பேரல்ல காலிபர், அதாவது எந்த அளவு தோட்டா போடணும்னு பாத்துக்குங்க, .30-30 எங்கயும் கெடைக்கும், .35 ரெமிங்டன்னா தோட்டா இப்ப குதிரைக்கொம்பு, என்கிட்ட இருக்கற ரெண்டு பெட்டிய மச்சான் கேட்டாக் கூட குடுக்கறதில்ல.