பிக்னிக் திட்டமிடல் தொகுப்பு: வைத்துக்கொள்ள வேண்டிய பக்கங்களும் எடுத்துவிட வேண்டியவையும்

வகுப்பே சேர்ந்து ஒரு பிக்னிக்கைத் திட்டமிடுகிறது. அந்த ஒரு வேலையை வைத்தே ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச்சையும் எழுத்தையும் பழக்க வந்திருக்கிறது இந்த அச்சுத் தொகுப்பு. உள்ளே இருப்பவை: 24 பட அட்டைகள், இருவர் விளையாடும் பை அட்டைகள், பொருள் பட்டியல் தாள், பெற்றோருக்கான கடித மாதிரி, பொறுப்பு அட்டைகள், போய்வந்த பிறகு எழுதுவதற்கான தாள், மதிப்பீட்டுப் படிவம். 40 நிமிடம் கொண்ட ஐந்து வகுப்புகளில் முடிந்துவிடும் என்று தொகுப்போடு வரும் ஆசிரியர் கையேடு சொல்கிறது. முடியாது. பட்டியலுக்கும் கடிதத்துக்கும் மட்டுமே தலா இரண்டு வகுப்பு வேண்டும். ஏழு என்று வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாது.

முதல் வேலை, எங்கே போவது என்று பேசி முடிவெடுப்பது. ஆறு இடங்களின் படங்களைக் கொடுத்து வாக்கெடுக்கச் சொல்கிறார்கள். போக அனுமதி கிடைக்காத இடத்தைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. நிஜமாகவே போகக்கூடிய இரண்டு மூன்று அட்டைகளை மட்டும் வெளியே எடுங்கள். வாக்கெடுத்து முடித்தபின் ஆசிரியர் முடிவை மாற்றினால், அடுத்த வேலையில் யாரும் மனதோடு பேச மாட்டார்கள். முடிவு மெய்யாக இருந்தால்தான் "ஏன்னா..." என்று காரணம் சொல்ல வாய் வரும்.

ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து காரணம் சொல்ல வேண்டும் என்பது கையேட்டின் ஏற்பாடு. முப்பது பேருக்கு அரை நிமிடம் என்றாலே கால் மணி நேரம் போய்விடும். பத்தாவது பிள்ளைக்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். 1981இல் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் முன்வைத்த 'யோசி, இணையோடு பேசு, பகிர்' முறை இங்கே கச்சிதமாகப் பொருந்தும். பக்கத்துப் பிள்ளையிடம் எல்லோரும் பேசட்டும், பிறகு ஏழெட்டுப் பேரை மட்டும் கூப்பிடுங்கள். தன் கருத்தை அல்ல, இணை சொன்னதைச் சொல்லச் சொன்னால் கேட்கும் பழக்கமும் சேர்ந்து வரும். கேள்வி கேட்டதும் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டியிருக்கிறார். வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த இரண்டு வினாடி பெரிய இடம்.

கையேட்டோடு சண்டைபோட வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதல் நாளிலிருந்தே 'முழு வாக்கியத்தில், எழுத்துத் தமிழில்' பேச வைக்கச் சொல்கிறது. "தண்ணி கொண்டு வரணும் டீச்சர்" என்ற பிள்ளையைத் தடுத்து "தண்ணீர் கொண்டு வர வேண்டும்" என்று திருப்பிச் சொல்ல வைத்தால், அதன் பிறகு அது கைதூக்காது. பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். பிள்ளை சொன்னதை ஆசிரியர் எழுத்து வடிவில் சார்ட்டில் எழுதி, பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் போட்டு, சத்தமாக வாசித்து "நீ சொன்னது இதுதானா?" என்று கேட்டால் போதும். 'தண்ணி' தாளில் 'தண்ணீர்' ஆவதைக் கண் பார்த்துக்கொள்கிறது. சொல்லின் வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். கருத்தையே சீர்செய்து அழகான வாக்கியமாக்கினால் அது ஆசிரியரின் வாக்கியமாகிவிடும்.

தொகுப்பின் உயிர் பை அட்டைகளில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பையின் படம். இரண்டிலும் எட்டுப் பொருள்கள். ஐந்து பொது, மூன்று வேறு. அட்டையைக் காட்டாமல், கேட்டும் சொல்லியும் வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். "உன்கிட்ட குடை இருக்கா?" "இருக்கு, என்ன கலர்?" என்று கேள்விகள் தானாக வரும். கேட்காமல் வேலை நடக்காது என்பதால் கூச்சமுள்ள பிள்ளையும் பேசியாக வேண்டும். கையேடு முதுகோடு முதுகு வைத்து உட்காரச் சொல்கிறது. பதினைந்து ஜோடி ஒரே அறையில் பேசும்போது ஒருவருக்கும் காது கேட்காது, கத்தல்தான் மிஞ்சும். எதிரெதிரே உட்காரவைத்து, நடுவே ஒரு நோட்டை நிறுத்திவையுங்கள். 'மூன்று வேறுபாடு' என்ற எண்ணிக்கையை முன்பே சொல்லிவிடவும். இல்லாவிட்டால் ஒன்று கிடைத்ததும் "முடிச்சிட்டோம்" என்பார்கள். இந்த அட்டைகளை லேமினேட் செய்வது நல்லது, அதிகம் கைமாறுபவை இவைதான்.

பொருள் பட்டியல் தாளில் மூன்று கட்டம்: பொருள், எத்தனை, யார். ஒரு பாயில் ஆறு பேர் என்றால் முப்பது பேருக்கு எத்தனை பாய் என்று கணக்கும் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் நாலாவது கட்டம் ஒன்று தேவை. 'தண்ணீர் 30' என்று எழுதினால் முப்பது என்ன, பாட்டிலா, லிட்டரா? அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்கும்படி விட்டு, கட்டத்தைப் பேனாவால் வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கான விடைக்குறிப்பில் '5 பாய்' தவறு, '5 பாய்கள்' சரி என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அஃறிணையில் எண்ணோடு வரும்போது 'ஐந்து பாய்' என்பது நல்ல தமிழ்தான்.

எழுத்துப்பிழையைத் திருத்துவதில் கையேடு அவசரப்படுகிறது. 'பளம்' என்று எழுதிய பிள்ளை தன் காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறது. 'கயிரு'வும் அப்படித்தான். முதல் வரைவில் கைவைக்காமல், வீட்டுக்குப் போகும் கடிதத்தில் ஆளுக்கு இரண்டு சொற்களை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். ஒரு வாசகர் படிக்கப்போகிறார் என்பதுதான் திருத்தத்துக்குக் காரணம் என்று பிள்ளைக்கும் புரியும்.

அந்தக் கடித மாதிரிதான் தொகுப்பிலேயே பலவீனமான பக்கம். 'அன்புள்ள ____, எங்கள் வகுப்பு ____ அன்று ____ செல்கிறது' என்று கோடிட்ட இடங்கள். நிரப்பினால் முப்பது ஒரே கடிதம் கிடைக்கும். தேதி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், இடம் ஆகியவற்றை எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து எழுதட்டும், அவற்றில் தவறு நேரக்கூடாது. அதற்குக் கீழே, தான் என்ன கொண்டுவரப் போகிறது, அதற்கு வீட்டில் என்ன உதவி வேண்டும் என்ற இரண்டு வரியைப் பிள்ளை சொந்தமாக எழுதட்டும். பள்ளியின் அதிகாரபூர்வ அனுமதிப் படிவம் தனியாகப் போக வேண்டும். உணவு ஒவ்வாமை விவரத்தையும் அதிலேயே கேட்டு வாங்கிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பட்டியலைப் பிள்ளைகளிடம் விட வேண்டும்.

கடிதத்தை இரண்டாம் நாளில் வைத்திருப்பதும் பிசகு. பட்டியல் முடியாமல் கடிதம் எழுதினால் மறுபடி எழுத வேண்டிவரும். இன்னொரு குறை, தாளில் ஆங்கிலத்துக்கான நாலு கோடு அச்சாகியிருக்கிறது. மேலே 'கி', 'கீ' சுழியும் கீழே 'மு', 'து' காலும் அதில் நெருங்கி முட்டிக்கொள்ளும். அகலமான இரட்டைக் கோட்டுத் தாளே சரி.

பொறுப்பு அட்டைகள் பரவாயில்லை ரகம். 'மழை வந்தால்...' என்ற பக்கம் சின்னது, ஆனால் அருமையானது; 'பஸ் தாமதமானால்', 'யாராவது அழுதால்' என்று நீட்டிக்கொண்டே போகலாம்.

போய்வந்த பிறகு எழுதும் தாளில் ஆற்றங்கரைப் படங்கள் நான்கு இருக்கின்றன. ஆறே இல்லாத இடத்துக்குப் போன வகுப்பு என்ன எழுதும்? படங்களை மறைத்துப் படியெடுத்து, பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'பிறகு' என்று எழுதுவார்கள்; திட்டமிட்டபோது எழுதிய சார்ட்டைப் பக்கத்தில் தொங்கவிட்டால் இது பாதி குறைகிறது. அதில் 'போவோம்', 'விளையாடுவோம்'. இப்போது 'போனோம்', 'விளையாடினோம்'. நினைத்தது எது, நடந்தது எது என்று ஒப்பிடும்போது 'ஆனால்', 'அதனால்', 'அதற்குப் பதிலாக' எல்லாம் தேவைப்படுகின்றன. தொகுப்பு தயாரித்தவர்கள் இதை யோசிக்காமல் விட்டது ஆச்சரியம்.

ஆயத்தமான பாடத்திட்டம் வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். நல்ல அட்டைகள் கிடைத்தால் மற்றதை நானே பார்த்துக்கொள்வேன் என்பவர் தாராளமாக வாங்கலாம். மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு பிள்ளைக்கு இருபது கட்டம் டிக் செய்ய வேண்டும். முப்பது பேருக்கு அறுநூறு. நாளுக்கு ஐந்து பிள்ளைகளைக் கவனித்து, 'கேள்வி கேட்டதா, காரணம் சொன்னதா' என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, பட்டியலின் முதல் வரைவுக்கு ஆகும்.