காரைக்குடியில் இருந்தபடி ஸ்பீச் தெரபி கற்பது: சோஷியல் மீடியா எதற்கு உதவும், எதற்கு உதவாது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வேலை பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு ஒரு நேரடிப் பயிலரங்கு என்றால் மதுரையோ திருச்சியோ போக வேண்டும், எப்படியும் 90 கிலோமீட்டர். சென்னை என்றால் அதிகாலைப் பல்லவனில் ஏறினாலும் இறங்கும்போது மதியம். அந்த இடைவெளியைப் போன் ஓரளவு நிரப்புகிறது. ஆண்டுக்கணக்கில் புழங்கியபின் எது கைகொடுக்கிறது, எது நேரத்தைத் தின்கிறது என்று சொல்கிறோம்.

முதலிடம் யூடியூபுக்கு. மைசூரு அய்ஷ் (அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம்) போன்றவற்றின் சேனல்களும், விழுங்கும் பரிசோதனைக் காணொளிகளும் பாடப்புத்தகம் தர முடியாததைக் கண்ணுக்குக் காட்டும். போனில் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டரில் பாருங்கள். படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி, காற்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகரும். உணவு தொண்டையில் எங்கே தங்குகிறது என்பது ஓடும் படத்தில் தப்பிவிடும்.

விழுங்கச் சிரமப்படுவோருக்கான பானம் எவ்வளவு கெட்டி என்று அளக்கும் சர்வதேச முறையான ஐடிடிஎஸ்ஐ-யின் செய்முறைக் காணொளிகளை அப்படியே செய்து பழகலாம். 10 மில்லி சிரிஞ்சின் பிளஞ்சரை உருவி, நுனியை விரலால் அடைத்து, 10 கோடு வரை பானத்தை ஊற்றி, 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். மீதம் 1 மில்லிக்குக் குறைந்தால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நின்று கொஞ்சமாவது ஓடியிருந்தால் நிலை 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் நிலை 4. பலர் கவனிக்காமல் விடுவது சிரிஞ்சின் நீளம். பூஜ்யத்திலிருந்து 10 வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் எல்லாச் சிரிஞ்சும் அப்படி இருக்காது. ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டுக் காணொளியில் வருவது பானத்தைக் கெட்டியாக்கும் பாக்கெட் திக்கனர். பக்கவாதம் வந்த ஆச்சிக்கு இங்கே வீட்டில் கொடுப்பது கேழ்வரகுக் கஞ்சி. இறக்கியதும் நிலை 2 காட்டும் கஞ்சி ஆற ஆற இறுகி நிலை மாறிவிடும். எச்சில் பட்ட கரண்டி திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போனால், எச்சிலிலுள்ள அமைலேஸ் மாவைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும். அதனால் ஊட்டும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டச் சொல்ல வேண்டும். கட்டியோ தவிடோ நுனியை அடைத்தால் கஞ்சி கெட்டியாக இருப்பதுபோல் அளவு பொய் சொல்லும். வடிகட்டிய கஞ்சியில் மட்டும் செய்யுங்கள்.

உச்சரிப்புப் பாடங்களில் பெரும்பகுதி ஆங்கில ஒலிகளைப் பற்றியது. முறையை எடுத்துக்கொள்ளலாம், சொற்பட்டியலை நாம்தான் செய்ய வேண்டும். பனிமனிதன் படத்தைக் காட்டி நம் பிள்ளையிடம் என்ன வாங்க முடியும்? ட-வுக்குக் கொட்டான் (ஓலைக்கூடை), ள-வுக்கு வளவு (வீட்டு முற்றம்), ழ-வுக்குத் தேன்குழல் என்று வீட்டிலுள்ளதைப் படமெடுத்து அட்டை செய்தால் பிள்ளை உடனே வாய் திறக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. அப்பத்தாவும் அம்மாவும் ‘வாளப்பளம்’ என்றே சொல்லும் வீட்டில் பிள்ளை ழ-வை ள ஆக்குவது வட்டார வழக்கு, குறைபாடு அல்ல. அதே பிள்ளை வெள்ளத்தை ‘வெல்லம்’ என்றால்தான் கவனிக்க வேண்டும். எந்த ஆங்கில ரீல்ஸும் இதைச் சொல்லித் தராது.

இன்ஸ்டாகிராமில்தான் அதிக ஏமாற்றம். ஊதல் ஊதுவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, நாக்கை மேலும் கீழும் ஆட்டுவது என்று பேச்சே இல்லாத வாய்ப் பயிற்சிகள் பேச்சொலியைத் திருத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. காணொளியாக அழகாக இருப்பதால் அவைதான் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பேசாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்டவைக்கும் ‘அதிசய’ வீடியோக்கள் இன்னும் ஆபத்தானவை. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கமான ஆஷா 2018-லேயே அந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. வரும் சொற்கள் பிள்ளையுடையவை அல்ல. பெற்றோர் நம்பிக்கையோடு அனுப்பும்போது கோபப்படாமல் விளக்குங்கள். புதிய உத்தி எதைக் கண்டாலும் சேவ் செய்வதோடு நிறுத்தாமல், ஆய்வுகளைத் தேடித்தரும் தளங்களான பப்மெட்டிலும் ஸ்பீச்பைட்டிலும் 15 நிமிடம் தேடுங்கள். ஆய்வு எந்த வயதினரிடம், எந்த மொழியில் நடந்தது என்று பார்த்தாலே பாதி சரக்கு உதிர்ந்துவிடும்.

எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்தபோது ஸ்பீச் தெரபிஸ்டுகள் அங்கே நடத்திய வீஸ்பீச்சீஸ் உரையாடல்கள் அருமையானவை. இப்போது அங்கே புதிய ஆய்வுகளின் அறிவிப்பைப் பார்த்தால் போதும். இன்னொன்று: வீடியோ பார்ப்பதற்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) புள்ளி தராது. அனுமதி பெற்ற சிஆர்இ (தொடர் மறுவாழ்வுக் கல்வி) நிகழ்ச்சிகளுக்குத்தான் புள்ளி. எங்கே எப்போது நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் குழுக்கள் உதவும்.

உண்மையான கற்றல் நடப்பது 15, 20 பேர் கொண்ட மூடிய வாட்ஸ்அப் குழுவில். வயது, வீட்டுமொழி, இதுவரை செய்தது, கிடைத்த பலன், ஒரே ஒரு கேள்வி: இந்த அமைப்பில் போட்டால் பதில் வரும். ‘என்ன செய்யலாம்?’ என்று மட்டும் போட்டால் கைகூப்பும் எமோஜிதான் வரும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ‘பள்ளத்தூர், 4 வயது, இரட்டைப் பிள்ளை’ என்றாலே ஊருக்கு யாரென்று தெரிந்துவிடும். பயிற்சிக்குத் தந்த சம்மதம் வீடியோவைப் பகிர்வதற்கான சம்மதம் ஆகாது. அதைத் தனியாக எழுதி வாங்குங்கள். கேலரியில் தானாகச் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வாய்ஸ் நோட்டை வைத்து ஸ, ச திருத்தமாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சுருக்கத்தில் அந்த ஒலிகளின் உயர் அதிர்வெண்கள்தான் முதலில் தேயும். வேவ் ஃபைலாகப் பதிந்து ‘டாக்குமெண்ட்’ வழியே அனுப்பச் சொல்லுங்கள். பதிவை வளவில் எடுக்க வேண்டாம்: ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் எதிரொலித்துச் சொல்லின் கடைசி மெய் கரைந்துவிடும். உள்ளறையில் மெத்தைப் பக்கம் பிள்ளையை உட்காரவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொன்னால் போதும்.