ஜென்கின்ஸ் பிளகினுக்கு ஸ்க்ரீன் பண்ணித் தரேன்னு 48,000 ரூபாய் போச்சு, உஷார் மக்களே

வயிறு எரியுது, ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

எங்களுது சின்ன கம்பெனி, ஹார்டுவேர் டெஸ்டிங். பில்டு எல்லாம் ஜென்கின்ஸ்லதான் ஓடும், கோடை தானா பில்டு பண்ணி டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர் அது. டெஸ்ட் சர்வரோட பேச நாங்களே ஒரு பிளகின், அதாவது ஜென்கின்ஸோட ஒட்டிக்கிற ஒரு புரோகிராம், எழுதி வெச்சிருந்தோம், ஜாவா பக்கம் பிரச்சனை இல்ல, ஆனா செட்டிங்ஸ் மாத்த ஸ்க்ரீன் கிடையாது, சர்வருக்குள்ள போய் ஃபைல்ல கையால மாத்தணும். ஸ்க்ரீனுக்கு ஜெல்லி எழுதணும், ஜென்கின்ஸ் ஸ்க்ரீன் எழுதற பழைய எக்ஸ்எம்எல் மொழி. வெப்சைட்டுக்கு எழுதற ரியாக்ட்னா தெருவுக்குப் பத்து பேர், ஜெல்லி தெரிஞ்சவன் இப்ப எவன் இருக்கான்? அதான் ஃப்ரீலான்ஸ் ஆளுங்களைப் பிடிச்சுத் தர்ற ஒரு தளத்துல போட்டேன். ஒருத்தர் வந்தாரு, ரேட்டிங் பிரமாதம், 48,000 ரூபாய்னு பேசி முடிச்சோம்.

நம்பினது அந்த வீடியோ கால்லதான். ஸ்க்ரீன் ஷேர் பண்ணி யூஆர்எல், யூசர், பாஸ்வேர்டு எல்லாம் போட்டு 'டெஸ்ட் கனெக்ஷன்' அமுக்குனாரு, பச்சை டிக் வந்துச்சு. சேவ் குடுத்துட்டு வேற பக்கம் போயிட்டுத் திரும்ப வந்து காட்டுனாரு, போட்டது எல்லாம் அப்படியே இருந்துச்சு. "2011ல ஜென்கின்ஸ்னு பேர் மாறுறதுக்கு முன்னாடி, ஹட்சனா இருந்தப்பவே நான் பிளகின் எழுதினவன் ப்ரோ, மாசக் கடைசி, இஎம்ஐ இருக்கு, இன்னிக்கே மைல்ஸ்டோன் ரிலீஸ் பண்ணிட்டீங்கன்னா நல்லாருக்கும்"னாரு. கண்ணால பாத்தாச்சு, இன்னும் என்ன வேணும்னு தளத்துல மைல்ஸ்டோனை, அதாவது வேலை முடிஞ்சுதுன்னு, அப்ரூவ் பண்ணி 48,000 ரூபாயும் ரிலீஸ் பண்ணிட்டேன்.

எங்க ஜென்கின்ஸ்ல ஏத்துனதும் கூத்து ஆரம்பிச்சுது. லேபிள் ஒரு பக்கம், பாக்ஸ் ஒரு பக்கம், எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. டெஸ்ட் பட்டனை அமுக்குனா ஒண்ணுமே நடக்கல, பிரவுசர் கன்சோலைத் திறந்தா 'ஏஜாக்ஸ் ஈஸ் நாட் டிஃபைன்ட்'னு செவப்பா ஒரு வரி. எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு சொல்ற பாம் ஃபைலை (pom.xml) பாத்ததும்தான் புரிஞ்சுது, ஆள் ஜென்கின்ஸ் 2.190.1க்கு எழுதியிருக்காரு, 2019 வெர்ஷன்! 2021ல 2.277.1 வந்தப்பவே ஃபார்ம் எல்லாம் எச்டிஎம்எல் டேபிள்ல இருந்து டிவ்வுக்கு மாறிடுச்சு, இவரு வரிசையா பழைய டேபிள் டேகான டிஆர் டிடின்னு அடிச்சு வெச்சிருக்காரு. அந்த பட்டன் நம்பியிருந்த, ஏஜாக்ஸைத் தர்ற ப்ரோட்டோடைப்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை 2023லயே ஜென்கின்ஸ் கோர்ல இருந்து தூக்கிட்டாங்க. டெமோல எல்லாம் ஓடுச்சுன்னா, அவர் லேப்டாப்ல அந்தப் பழைய ஜென்கின்ஸ் இருந்ததால ஓடுச்சு.

இது பரவாயில்ல. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா ஸ்க்ரீன் காலி! கோடுல டிஸ்க்ல எழுதற சேவைக் கூப்பிட்டவரு, ஆரம்பத்துல ஓடுற கன்ஸ்ட்ரக்டர்ல அதைத் திரும்பப் படிக்கிற லோடைக் கூப்பிடவே இல்ல, அதனால மெமரில இருக்கிற வரைக்கும்தான் வாழ்வு. ஆனா டிஸ்க்ல எழுதினது எழுதினதுதானே, ஜென்கின்ஸ் ஹோம்ல அந்த எக்ஸ்எம்எல்லைத் திறந்தா எங்க சர்வர் பாஸ்வேர்டு அச்சு அசலா, எழுத்துக்கு எழுத்து நிக்குது. பாஸ்வேர்டை மறைச்சு வெக்க சீக்ரெட் டைப், பாஸ்வேர்டு ஃபீல்டு எல்லாம் ஜென்கின்ஸ்ல ரெடியா இருக்கு, இவரு சாதா ஸ்ட்ரிங், சாதா டெக்ஸ்ட்பாக்ஸ். இதுக்கு 48,000 ரூபாய்.

கேட்டா மொதல்ல "பிரவுசர் கேஷை (cache) கிளியர் பண்ணுங்க ப்ரோ". அப்புறம் "உங்க ஜென்கின்ஸ் ரொம்பப் புதுசு, டவுன்கிரேட் பண்ணிக்கோங்க". செக்யூரிட்டி ஃபிக்ஸை எல்லாம் கழட்டி வெச்சுட்டு இவருக்காக நாங்க 2019க்குப் போகணுமாம்! அதுக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான். தளத்து சப்போர்ட்டு அதுக்கு மேல, எதை அனுப்பினாலும் "மைல்ஸ்டோனை நீங்களே அப்ரூவ் பண்ணிட்டீங்க, வருந்துகிறோம்"னு ஒரே பதில், சாட்ல வந்தது மனுஷனா மெஷினான்னே தெரியல. கோடு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா டிக்கெட்டையே மூடிட்டாங்க.

என்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. டெமோவை உங்க சர்வர்ல, உங்க வெர்ஷன்லதான் காட்டச் சொல்லுங்க. காட்டும்போதே ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. கோடு கைக்கு வந்து பாம் ஃபைலைப் பாக்காம காசை விடாதீங்க, இஎம்ஐ கதையெல்லாம் காதுலயே வாங்காதீங்க.

இந்த மாதிரி தளத்துல ரிலீஸ் ஆன பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தா எப்படின்னு கீழ சொல்லுங்க. நான் போய் அந்த பாஸ்வேர்டை எல்லா சர்வர்லயும் மாத்தணும்.