தியாகராயர் தடம்: ஒரு ஞாயிறு காலை நடைப்பயணம்

நீதிக்கட்சியைத் தோற்றுவித்த தலைவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயச் செட்டியாரின் வாழ்க்கையைச் சென்னைத் தெருக்களில் நடத்திக் காட்டும் மூன்று மணி நேரப் பயணத்துக்கு, ஆளுக்கு 400 ரூபாய் கட்டிச் சென்ற ஞாயிறன்று போய்வந்தோம். ரிப்பன் மாளிகையின் முன்னுள்ள அவரது சிலையருகே காலை ஏழு மணிக்குத் தொடங்கி, சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் தியாகராயா கல்லூரி நிலையம் வரை சென்று, பழைய வண்ணாரப்பேட்டையில் முடிக்கிறார்கள்.

அரசியல் பகுதிக்குக் குறை சொல்ல இடமில்லை. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது தேடிவந்த முதலமைச்சர் பதவியை அவர் ஏற்க மறுத்தது, மாநகராட்சித் தலைவராக இருக்கையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு ஆகியவற்றை வழிகாட்டி தாளைப் பார்க்காமல், ஆண்டு பிசகாமல் சொன்னார். ஆனால் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். அதையொட்டிய புளியந்தோப்புக் கலவரத்தின்போது நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக எடுத்த நிலைப்பாடும், ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923-இல் கட்சியை விட்டு விலகியதும் இடம்பெறாத தியாகராயர் வரலாறு, சிலைக்கு மாலை போடுவதற்குத்தான் பொருந்தும்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் நெசவு குறித்ததுதான். தேவாங்கர் குலத்தில் பிறந்து நெசவுத் தொழிலில் பொருளீட்டிய ஒருவரை, "தொழிலதிபர்" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கும் பழைய தறியில், துணியின் அகலம் நெசவாளரின் கை எட்டும் தூரத்துக்குள் நின்றுவிடும். கயிற்றை இழுத்தால் நாடா தானே பாய்ந்தோடும் தறியிலோ அகலமும் கூடும், வேகமும் கூடும். அத்தகைய தறிகளைச் சென்னையில் முன்னதாகவே அமைத்துப் பார்த்தவர்களில் தியாகராயரும் ஒருவர். ஒரு சிறு மாதிரித் தறியைக் கொண்டுவந்திருந்தால் இதைப் பிள்ளைகளுக்கும் இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம்.

சென்னைக் கைக்குட்டை என்ற பெயரை வழிகாட்டி ஒருமுறை உச்சரித்தார். உடன் வந்தவர்கள் சட்டைப்பையில் மடித்து வைக்கும் துணி என்றே எண்ணிக்கொண்டார்கள். அது சாயமிட்ட நூலில் கட்டம் போட்டு நெய்து கப்பலேற்றப்பட்ட, மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தலையில் கட்டவும் இடுப்பில் உடுத்தவும் விரும்பி வாங்கிய பெரிய துணி. அந்த ஏற்றுமதி வணிகத்தை விளக்காமல் விட்டால், தென்னிந்திய வர்த்தக சபைக்குப் பல ஆண்டுகள் அவர் ஏன் தலைமை தாங்கினார் என்பதும் விளங்காமலே போகும்.

வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதும், முதியவர்களுக்காக அங்கங்கே நின்று செல்வதும் நல்ல ஏற்பாடுகள். கட்டணமும் மிகையன்று, ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முடிவில் நினைவுப் பரிசாக ஆளுக்கொரு கைக்குட்டை தந்தார்கள். விரித்துப் பார்த்தேன்: கட்டங்கள் அச்சடித்தவை, துணி பாலியஸ்டர்.