சைவம், கொஞ்சம் சோறு, எடைப் பயிற்சி: மீல் மேக்கர் கைகொடுக்கிறதா?

மளிகைக் கடையில் சேமியா பாக்கெட்டுக்குப் பக்கத்தில் யாரும் சீண்டாமல் கிடக்கும் மீல் மேக்கரை, அதாவது காய்ந்த சோயா உருண்டையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். குருமாவிலும் பிரியாணியிலும் பேருக்கு நாலு உருண்டை போடுவதற்காகத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். நான் அதை என் மதியச் சாப்பாட்டின் மையத்தில் வைத்திருக்கிறேன். அதற்கான காரணத்தையும், எதில் அது கைகொடுக்கிறது, எதில் கைவிடுகிறது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொன்னால்தான் கணக்கு புரியும். ஊர் பாளையங்கோட்டை. வயது நாற்பத்தாறு. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் சைவம். முட்டைகூட அடுப்படிக்குள் வராது. அம்மாவுக்கு நீண்ட நாள் சர்க்கரை. எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.1 என்று வந்தபோது, சோறு இட்லி தோசையை நன்றாகக் குறைத்துவிட்டு எடைப் பயிற்சிக்குப் போகச் சொன்னார் டாக்டர். போனேன், பிடித்துவிட்டது. இப்போது 58 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு தரையிலிருந்து பளுவை எடுத்து நிமிரும் டெட்லிஃப்டில் 80 கிலோ தூக்குகிறேன். நாளுக்கு மாவுச்சத்து 100 கிராமைச் சுற்றி வைத்துக்கொள்கிறேன். இது மாவுச்சத்தை ஏறக்குறைய முழுக்க ஒதுக்கும் கீட்டோ இல்லை. அந்த அளவுக்குக் குறைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

எடை தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. எனக்கு அது 93 கிராம் வருகிறது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாலு முட்டை, ஒரு துண்டு கோழி என்று எளிதாக எட்டிவிடுவார்கள். நமக்குச் சிக்கல் எங்கே என்றால், நம் புரதம் பெரும்பாலும் மாவுச்சத்தைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருகிறது. துவரம் பருப்பு 100 கிராமில் புரதம் 22 கிராம், மாவுச்சத்து 55 கிராமுக்கு மேல். கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் கிட்டத்தட்ட அதே கதைதான். "சோற்றை விட்டுட்டு கேழ்வரகுக்கு மாறிடுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்து அதிகம், எல்லாம் சரி. ஆனால் 100 கிராமில் புரதம் 7 கிராம்தான், மாவுச்சத்தோ 70 கிராமை ஒட்டி. களி கிண்டிச் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் குறைத்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இடத்தில்தான் மீல் மேக்கர் வருகிறது. சோயாவில் எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தில் பிதுக்கி உப்ப வைத்து எடுப்பதுதான் அது. எண்ணெய் போய்விடுவதால் புரதம் செறிவாக நிற்கிறது. பெரிய கம்பெனி பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள்: 100 கிராமுக்குப் புரதம் 52 கிராம், மாவுச்சத்து 33, அதற்குள் நார்ச்சத்து 13 வரை, கொழுப்பு அரை கிராம். நான் ஒரு வேளைக்கு 50 கிராம் எடுக்கிறேன். 26 கிராம் புரதம் கிடைக்கிறது. நார் போக மாவுச்சத்து 10 கிராம். அதே 26 கிராம் புரதத்தைத் துவரம் பருப்பில் எடுக்க வேண்டுமானால் 120 கிராம் பருப்பை வேகவைத்து, அறுபத்தைந்து கிராமுக்கு மேல் மாவுச்சத்தையும் சேர்த்து விழுங்க வேண்டும். என் ஒரு நாள் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கு காய்ந்த உருண்டைக்கு. ஊறினால் 50 கிராம் 150 கிராம் ஆகிவிடும். ஊறவைத்துப் பிழிந்ததை 100 கிராம் நிறுத்துவிட்டு 52 கிராம் புரதம் என்று எழுதிக்கொள்கிறவர்களை எங்கள் ஜிம்மிலேயே பார்க்கிறேன். உண்மையில் அதில் பதினேழு கிராம் இருந்தால் அதிகம். தராசில் வைப்பதாக இருந்தால் ஊறப்போடும் முன் வையுங்கள்.

விலையில் இதை அடிக்க ஆளில்லை. எங்கள் பக்கம் 200 கிராம் பாக்கெட் 50 ரூபாய்க்கு அருகில் கிடைக்கிறது. என் 50 கிராமுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று ரூபாய். அதே புரதத்துக்குப் பனீர் 140 கிராம் வேண்டும், அறுபது ரூபாய்க்குக் குறையாது. கூடவே முப்பது கிராம் கொழுப்பும் வரும். பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடியான வே புரோட்டீன் நல்ல தரத்தில் வாங்கினால் ஒரு கரண்டிக்கு எழுபது, எண்பது ரூபாய் ஆகிறது. எனக்கு மூன்றும் வேண்டியிருக்கிறது, எதையும் குறை சொல்லவில்லை. காலையில் பயிற்சி முடிந்ததும் ஒரு கரண்டி வே, மதியம் மீல் மேக்கர், இரவு 100 கிராம் பனீர். இடையில் தயிர், ஒரு பிடி நிலக்கடலை, ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு. தொண்ணூறை எட்டிவிடுகிறேன். மீல் மேக்கரை எடுத்துவிட்டால் இந்த மாளிகை சரிந்துவிடும். அல்லது மாதச் செலவு எகிறும்.

புரதத்தின் தரத்தைப் பற்றியும் கேட்பார்கள். தாவரப் புரதங்களில் சோயாவுக்கு முன்வரிசை இடம் உண்டு. உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. மெத்தியோனின் மட்டும் கொஞ்சம் குறைவு. தசை வளரத் தூண்டும் லூசின் வேயில் இருக்கும் அளவுக்குச் சோயாவில் இல்லை. அதனால்தான் பயிற்சியை ஒட்டி வே, மற்ற வேளைக்கு மீல் மேக்கர் என்று பிரித்திருக்கிறேன். தயிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மெத்தியோனின் குறையும் நேராகிவிடும்.

இனி ருசி. இதில்தான் பலர் முதல் வாயிலேயே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். எங்கள் அத்தை ஒரு வாய் எடுத்துவிட்டுச் சொன்னது: "கவுச்சி வாடைல்லா அடிக்கு, எனக்கு வேண்டாம் தாயி." மென்றால் கறி மாதிரி இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய உண்மையான சங்கடம். காலம் முழுக்கச் சைவமாக இருந்தவர்களுக்கு அந்த மெல்லுபதமே ஒவ்வாது. அதை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு இன்றுவரை பனீர்தான். ஆனால் வாடையைப் பெரும்பாலும் போக்கிவிடலாம். தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, உருண்டைகளைப் போட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒவ்வொரு முறையும் ஈரத்துணியைப் பிழிவது போல ஒட்டப் பிழிய வேண்டும். கொட்டும் தண்ணீர் நுரையோடு மஞ்சளாக வரும். வாடை அதில்தான் போகிறது. வயிற்றில் வாயு பிடிக்கவைக்கும் சர்க்கரைகளும் கொஞ்சம் அதோடு போய்விடும். பிழிந்ததைத் தயிர், மஞ்சள் தூள், இஞ்சி விழுது சேர்த்து அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சமைத்தால் உள்ளே வரை உப்பு உறைப்பு ஏறும். பிழியாமல் குழம்பில் போட்டால் கடித்ததும் வெறும் தண்ணீர்தான் வாய்க்குள் பீறிடும்.

நான் செய்வதில் வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் வைப்பார்களே, அந்தத் தேங்காய்ப்பால் சொதிதான். அதில் உருளைக்கிழங்கு போட்டால்தான் நிறைவு என்பார்கள். நான் கிழங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்ன உருண்டை மீல் மேக்கரைப் போடுகிறேன். முருங்கைக்காய், பீன்ஸ், கொஞ்சம் கேரட், பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி மட்டும். இரண்டாம் பாலில் காயையும் மீல் மேக்கரையும் வேகவிட்டு, தலைப்பாலை ஊற்றி நுரை கட்டும்போதே இறக்கி, கடைசியில் எலுமிச்சை பிழிய வேண்டும். மீல் மேக்கரில் கொழுப்பே கிடையாது. சோற்றைக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு இல்லாமல் பசி அடங்காது. தேங்காய்ப்பால் அந்தக் குறையைத் தீர்க்கிறது. கூட இஞ்சித் துவையல். சோறு ஒரு சின்னக் கரண்டி, மீதி இடத்துக்குத் துருவி வதக்கிய காலிஃபிளவர். பயிற்சி இல்லாத நாளில் அந்தக் கரண்டிச் சோறும் இல்லை. இந்தச் சாப்பாடு சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசி எட்டிப்பார்ப்பதில்லை.

பொடிப்பொடியாக வரும் கிரானுல்ஸ் பொடிமாஸுக்கு நன்றாக இருக்கிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பிழிந்த கிரானுல்ஸைப் போட்டு அடி சிவக்கும்வரை பிரட்டி, கடைசியில் தேங்காய்ப்பூ. டிபன் பாக்ஸில் எடுத்துப்போக இதைவிட வசதியானது இல்லை. பெரிய உருண்டை எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் பஞ்சு மாதிரி வெறுமையாக நிற்கிறது, மசாலா இறங்குவதில்லை.

வெளியில் சாப்பிடும் மீல் மேக்கர் வேறு சமாச்சாரம். ஓட்டல் மீல் மேக்கர் 65, மஞ்சூரியன் எல்லாம் சோள மாவிலும் மைதாவிலும் புரட்டிப் பொரித்தது. உறைந்த நிலையில் விற்கும் சோயா நக்கெட், சோயா கட்லெட் இவற்றிலும் மாவும் ரஸ்க் தூளும் சேர்ந்திருக்கும். புரதம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். சில்லறையாக மூட்டையிலிருந்து அள்ளித் தருவதையும் நான் தவிர்க்கிறேன். ஒரு கடையில் அப்படி வாங்கியது சிக்கு வாடை அடித்தது, எத்தனை அலசியும் போகவில்லை. பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குவதே நல்லது.

ஜிம்மில் பையன்களுக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. பயிற்சி சொல்லித்தரும் தம்பியே கேட்டான்: "அக்கா, உங்களுக்குச் சரி, நாங்க சாப்பிட்டா ஹார்மோன் மாறிடும்னு சொல்றாங்களே?" சோயாவில் ஐசோஃபிளேவோன் என்று, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புள்ள தாவரப் பொருள் இருக்கிறது, அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது. ஆண்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2010லும் மறுபடி 2021லும் வெளியான தொகுப்பாய்வுகள் இரண்டுமே, சோயாவால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு சொல்கின்றன. தம்பி இப்போது வாரத்தில் சில நாள் சாப்பிடுகிறான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது தைராய்டு மாத்திரை. நானும் சாப்பிடுகிறேன், நம் ஊரில் என் வயதுப் பெண்கள் பலர் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைத்துவிடும். நான் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு மீல் மேக்கரை மதியத்துக்கு மட்டும் வைத்திருப்பது அதற்காகத்தான். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், சோயாவில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகவே சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு மாறாமல் மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

பளு தூக்கும் பலத்தைப் பொறுத்தவரை, மீல் மேக்கர் தசைக்குச் செங்கல் தருகிறதே தவிர அன்றைய பயிற்சிக்கு எரிபொருள் தராது. சோறு குறைத்த புதிதில் உடம்பில் சேமித்திருந்த மாவுச்சத்தான கிளைகோஜனும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் கை கால் ஓய்ந்துபோகும். எட்டு முறை தூக்கும் சுற்றுகளில் அது பளிச்சென்று தெரிந்தது. உப்புப் போட்ட நீர்மோர் நிறையக் குடித்தேன். பளுவோடு உட்கார்ந்து எழும் கனமான ஸ்குவாட் நாளில் போவதற்கு முன் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டேன், இன்றும் சாப்பிடுகிறேன். தசைக்குச் சட்டென்று பலம் தர உதவும் கிரியாட்டின் மோனோஹைட்ரேட்டும் நாளுக்கு 3 கிராம் எடுக்கிறேன். இறைச்சி, மீனில்தான் அது இயல்பாகக் கிடைக்கும் என்பதால் சைவர்களின் தசையில் அதன் இருப்பு குறைவு. ஆலையில் செயற்கையாகத் தயாராகும் பொருள்தான், அதனால் சைவத்துக்குப் பங்கமில்லை. வைட்டமின் பி12 சோயாவில் கிடையாது. பாலும் தயிரும் போதவில்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மாத்திரைதான் வழி.

ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். விலைக்கும் புரதத்துக்கும் முழு மதிப்பெண். வாடைக்கும், அலசிப் பிழியும் வேலைக்கும் ஒன்று குறைத்துவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சின்ன உருண்டை பாக்கெட் ஒன்று வாங்கி முதல் வாரம் 25 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். வயிறு பழகியபின் 50 கிராமுக்குப் போகலாம். அதற்கு மேல் நான் போவதில்லை, தினமும் சாப்பிடுவதும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அந்த இடத்துக்குப் பனீரோ, சோயாப்பாலில் செய்யும் டோஃபுவோ வந்துவிடும்.