ரெக்ஸின் சோபாவா, கைத்தறி உறை போட்ட மாடுலர் சோபாவா?

பாளையங்கோட்டைப் பக்கம் சோபா கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ரெக்ஸின் போட்ட எல் வடிவ சோபாவைத்தான். விலை கட்டுப்படியாகும், குழம்பு சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இதெல்லாம் தெரிந்தேதான் நாங்கள் தனித்தனித் துண்டாக வரும் மாடுலர் சோபாவை எடுத்து, அதற்குக் கைத்தறித் துணியில் உறை தைத்தோம்.

இடவசதியில் பெரிய விவாதம் இல்லை. பழைய வீட்டுத் தார்சாவை, அதாவது முன்பக்க நடையைத் தாண்டி, குறுகலான மச்சுப்படியில் எல் சோபாவை ஏற்றுவது பெரும்பாடு. துண்டு சோபாவை ஓராள் தூக்கிவிடலாம்; விசேஷ நாளில் பட்டாசலில் (கூடத்தில்) பந்தி விரிக்கச் சுவரோரம் ஒதுக்கிவிடலாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் துண்டுகள் விலகத்தான் செய்யும். அடியில் கொக்கியும் காலுக்கு ரப்பர் புஷ்ஷும் கேட்டு வாங்குங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சித்திரை வெயிலில் ரெக்ஸினில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு நனைந்திருக்கும். வியர்வையும் தலை எண்ணெயும் படப்பட, பாலியூரிதேன் பூச்சுள்ள ரெக்ஸினில் வெடிப்பு விழுந்து செதில் செதிலாக உரியும். காற்றின் ஈரமே அந்தப் பூச்சைச் சிதைக்கும் என்பதால் துடைத்துத் துடைத்து வைத்தாலும் தப்பாது. உரிந்த இடத்தை ஒட்டுப்போட்டால் தனியாகத் தெரியும். கடைசியில் முழுசாகத் துணி மாற்ற வேண்டிவரும். பிவிசி ரெக்ஸின் அவ்வளவு சீக்கிரம் உரியாது, ஆனால் சூடு இன்னும் கூடுதல்.

கைத்தறிப் பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காயவிடும். ஜிப்பைத் திறந்து உறையைக் கழற்றித் துவைத்துவிடலாம். தலை சாயும் இடத்து உறை மட்டும் அழுக்கானால் அதை மட்டும் துவைத்தால் போதும். இதற்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் தைக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: துணியை நனைத்து, உலர்த்தி, சுருக்கம் எடுத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். அப்படியே வெட்டித் தைத்தால் முதல் துவையலில் சுருங்கி, ஃபோமுக்கு மேல் ஏறாது. ஃபோமுக்கு வெள்ளைத் துணியில் உள்ளுறை ஒன்றும் வேண்டும். வாட் சாயம் போட்ட நூலா என்று கேளுங்கள்; துவையலுக்கும் வெயிலுக்கும் தாங்கும். அப்போதும் உறையை உள்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுவதே நல்லது.

துணித் தேர்வில் கவனம் வேண்டும். சென்னிமலைப் போர்வைத் துணி சாய்மானத்துக்குச் சரி, சீட்டுக்கு மெல்லிசு. பவானி ஜமக்காளம் போன்ற கெட்டி நெசவு சீட்டுக்குத் தாங்கும். ஆனால் உட்காருபவர் காலில் உரசும், துவைக்கக் கனம். நாங்கள் இடைப்பட்ட கனத்தில் எடுத்தோம். பூனை, நாய் வளர்க்கும் வீட்டில் நெசவு எப்படித் தாங்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ரெக்ஸினே வசதி என்பவர்களோடு நான் வாதாடவும் மாட்டேன்.

அப்புறம், சீட்டுக்கு ஒரு மாற்று உறையையும் சேர்த்தே தைத்துவிடுங்கள். பிறகு அதே டிசைன் கிடைத்தாலும் அடுத்த சாயத் தொகுதியில் நிறம் கொஞ்சம் மாறிப்போகும்.